கோபம் ஆறும் தூரம்

“நீங்கதான் கதவை அறைஞ்சு சாத்தினீங்க!”

“நீதான் முதல்ல கத்தினே! அத்தை, நீங்களே கேளுங்க!”

டொராண்டோவில் ஆரம்பித்த சண்டை மதுரையில், நிரஞ்சனாவின் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. மகள் யாழினி கோபித்துக்கொண்டு விமானம் ஏற, மருமகன் கவின் அடுத்த விமானத்தைப் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டான். இப்போதெல்லாம் டொராண்டோவிலிருந்து மதுரைக்கு அரை மணி நேரம்தான்; அதற்குள் யாருக்குக் கோபம் ஆறும்? மகளின் கையில் ரசக் கரண்டிகூட அப்படியே இருந்தது.

“இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேம்மா. வக்கீலைப் பார்க்கப்போறேன்.”

நிரஞ்சனாவின் காலத்தில் இதே தூரம் ஒரு நாள் பயணம். புருஷனோடு பேச்சில்லாமல் ஏறியவள், பாதி வழியில் பசித்து அவர் தட்டிலிருந்த தயிர்சாதத்தை எடுத்துத் தின்றிருக்கிறாள்.

போனை எடுத்துத் தட்டினாள்.

“வக்கீலை அங்கேயே போய்ப் பாரு. ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன். பழைய விமானம்.”

“அந்தக் கட்டை வண்டியா? ஒரு நாள் முழுக்க இவரோடயா?”

“பக்கத்துப் பக்கத்து சீட்டு.”

யாழினி கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

“நடு சீட்டுன்னா இவருக்குக் கழுத்துப் பிடிச்சுக்கும்மா, ஜன்னல் ஓரமாப் போட்டிருக்கியா?”