வார்டோ விமானம்

“இண்டைக்கும் வார்டோவுக்கோ?” நைட் ஷிப்ட் முடிந்து வந்த சுகந்தினி, கோட்டைக் கழற்றாமலே சோபாவில் சரிந்தாள்.

“ஓம். ட்ரோம்சோவிலயிருந்து நானூற்றைம்பது கிலோமீற்றர். எதிர்காத்தெண்டால் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும்,” என்றான் அவள் கணவன் நிருத்தன், ஹெட்செட்டை மாட்டியபடி.

“நோர்வேயின்ர அந்தக் கடைசித் தொங்கலில பனி கொட்டுதாம். உங்கட அண்ணை சொன்னவர்.”

“பயப்பிடாதை. இதைவிடக் கூடின பனியிலயும் இறக்கியிருக்கிறன்.”

“சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ.”

“நேரம் போட்டுது.”

அவள் அப்படியே தூங்கிப்போனாள். கண்விழித்தபோது நிருத்தன் லண்டன் லூயிஷாமில் அதே அறையில், அதே மேசை முன்னால் இருந்தான். கம்ப்யூட்டர் திரையில், பனி மூடிய ஓடுபாதையில் விமானம் நின்றிருந்தது.

“நாளைக்கு குரோய்டன் விசா ஒபிசில கையெழுத்து வைக்கோணும். மறந்திடாதேங்கோ.”

“எட்டு வருசமா வைக்கிறன், மறப்பனோ? அகதிக் கேஸ் முடியுமட்டும் வைக்கத்தானே வேணும்.”

போன் அடித்தது. வார்டோவில் அண்ணனோடு இருக்கும் அம்மா. ஒவ்வொரு ஞாயிறும் கேட்பதையே இன்றைக்கும் கேட்டாள்.

“இறங்கீட்டியோ மோனை? சோறு போடட்டோ?”

“இல்லையம்மா,” என்றான். “நான் இன்னும் குரோய்டனே தாண்டேல்லை.”