இரத்தத்தில் வெயில்

"படுக்கையில புரண்டு படுத்தா?"

"சுத்தாதுங்க."

"குனிஞ்சு செருப்பு மாட்டுறப்ப? அண்ணாந்து பாக்குறப்ப?"

"உசரத்துலயே எனக்குத் தலை சுத்தாது டாக்டரம்மா. ராட்டினத்துல ஒரு தடவை சுத்துச்சு. அதுவும் மச்சான் பிடிச்சுத் தள்ளி உக்கார வச்சதால."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

அது கம்பெனியின் மருத்துவ அறை. ஒரு மேசை, எடை பார்க்கும் கருவி, சுவரில் காதின் உட்புறத்தைக் காட்டும் படம். படத்தில் நத்தை ஓடு போல ஒன்று சுருண்டிருந்தது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இரண்டு நத்தைகள் குடியிருப்பது அவனுக்கு இன்றுதான் தெரியும்.

அவன் செல்போன் கோபுரங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். கூட்டாளிகள் அவனைக் காக்கா என்பார்கள். நாளை ஏற வேண்டியது எண்பது மீட்டர். டாக்டர் கையெழுத்துப் போட்டால் ஏறலாம். போடாவிட்டால் கூட்டாளி குட்டையனைப் போல கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம்.

குட்டையன் போன வருடம் உச்சியில் மயங்கி, இடுப்பு பெல்ட்டில் ஒரு மணி நேரம் தொங்கினான். சர்க்கரை. அதிலிருந்து எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை என்று ஆகிவிட்டது.

காக்காவுக்கும் சில மாதங்களாகத் தாகம் அடங்குவதில்லை. விரலில் பட்ட சிராய்ப்பு ஆறுவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"செருப்பைக் கழட்டுங்க. ஒரு காலுக்கு முன்னால இன்னொரு கால். கண்ணை மூடிக்கங்க."

குனிந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கயிறும் அதில் கோத்த சாவியும் வெளியே வந்து ஆடின.

பிறகு நிமிர்ந்து நின்றான். நட்டுவைத்த கம்பம் போல. சாவி மட்டும் கொஞ்ச நேரம் ஆடி ஓய்ந்தது.

"என்ன சாவி?"

"வீட்டுச் சாவிங்க. பையில வச்சா மேலேருந்து விழுந்துருது. ஒருநாள் புல்லுக்குள்ள தேடித் தேடி இருட்டியே போச்சு. அதுலேருந்து கழுத்துல."

"உக்காருங்க."

டாக்டர் உறையைக் கிழித்து அறிக்கையை விரித்தார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. உப்பு சரி. யூரிக் அமிலம் சரி. சர்க்கரை தொண்ணூற்றிரண்டு.

அவன் மெல்ல மூச்சு விட்டான்.

விரல் கடைசி வரியில் நின்றுவிட்டது.

"வைட்டமின் டி நாலு. முப்பதாவது இருக்கணும்."

"மாத்திரை போட்டாப் போச்சுங்க."

டாக்டர் எழுந்துபோய்ப் படத்தில் நத்தைக்குப் பக்கத்தில் தொட்டுக் காட்டினார். அங்கே சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன, மணலைவிடப் பொடியாக. இந்த வைட்டமின் வற்றிப்போனால் அவை இடம்விட்டு உதிரலாம். உதிர்ந்தால், தலையணையில் தலையைத் திருப்பினாலே அறை சுற்றும். இந்த வைட்டமினை உடம்பு பெரும்பாலும் வெயிலிலிருந்துதான் செய்துகொள்கிறது.

சொல்லிவிட்டு அவன் கைகளைப் பார்த்தார். இருபது வருட வெயில் அவற்றைத் தீய்த்து வைத்திருந்தது. கழுத்தையும், காது மடல்களையும்.

"இது வெயிலே பாக்காத இரத்தம். யாரோடது?"

போன வியாழக்கிழமை காலை லேப்காரர் இரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். தெரிந்தவர்தான், ஒன்றும் கேட்கவில்லை. காக்கா கட்டிலைக் காட்டினான். கூட்டாளிகள் யாரிடமாவது இரத்தம் கேட்டிருந்தால் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். மனைவியிடம் என்றால் எதுவும் வெளியே போகாது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்தப் பக்கம் படுத்தால்தான் அவளுக்குச் சுற்றாது. எதற்கு என்று கேட்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முளைத்த புல்லைப் போல வெளுத்த கை.

ஊசி ஏறும்போது லேப்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வெளிய வெயில் அடிக்குதாங்க?"

"சம்சாரத்தோடது," என்றான் காக்கா. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

டாக்டரின் பார்வை அவன் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"வீட்லதாங்க." அவனே தொடர்ந்தான். "அவளுக்குத் தலை சுத்தும் டாக்டரம்மா. வெளிய போனா எங்கயாச்சும் விழுந்து வைப்பா. அவ நல்லதுக்குத்தான் பூட்டிட்டு வர்றேன்."

"முதல்ல தலை சுத்துச்சா, முதல்ல பூட்டுனீங்களா?"

அவள் சமையலறையில் முதன்முதலாகச் சுற்றி விழுந்தது போன மழைக்காலத்தில்.

பூட்டு வாங்கி ஐந்து வருடம். மாடிப்படியில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம் அவள் ஏதோ சிரித்துப் பேசியதைப் பார்த்த அன்று வாங்கியது. என்ன பேசினாள் என்று அவன் இதுவரை கேட்கவில்லை.

அவன் சாவியை எடுத்து மறுபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டான். மேல் பட்டனையும் மாட்டினான்.

டாக்டர் கையெழுத்துப் போடாத தாளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, மேசைக்கு மேலே கையை நீட்டினார்.

"அந்தச் சாவியக் குடுங்க."