புது இன்ஜின்

“சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் பண்ணினா ஆறு மாசம்தான் ஓடும். இழுவைக்கு டர்போ போட்டா இந்தப் பழைய இன்ஜின் தாங்காது. பேசாம லாரியை எடைக்குப் போட்டுடுங்கண்ணே,” என்றான் மெக்கானிக்.

லாரிக்காரருக்கு முகம் சிவந்தது.

“முப்பது வருஷம் எனக்காக உழைச்சிருக்குடா. தேஞ்சுபோச்சுன்னு தூக்கிப் போடச் சொல்றியா? செலவானா ஆகட்டும், புது இன்ஜினே போடு!”

அப்போது அவர் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு நொண்டி நொண்டி வந்தாள்.

“அண்ணிக்கு என்ன ஆச்சு?”

“முழங்கால் தேஞ்சுபோச்சாம், மாத்தணுமாம். இந்த வயசுல எதுக்கு? ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

அவள் கேரியரைக் கீழே வைத்தாள்.

“நல்ல இன்ஜினாப் பார்த்துப் போடுங்க தம்பி. நாளையிலேர்ந்து அதுதான் இவருக்குச் சோறாக்கிப் போடணும்.”

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. மகளின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.