மீன்பாடி வண்டியில் மாப்பிள்ளை

மாப்பிள்ளையோட அம்மா அங்கம்மா, திருநின்றவூர் ஸ்டேஷன் படியில நின்னுகினு எங்க தெருவப் பாத்தாங்க. தெரு எங்க இருந்துச்சு? தண்ணிதான் இருந்துச்சு.

"யப்பா தம்பி, இதுலயா போவணும்?"

"ஐப்பசி கார்த்திகைல மட்டும்தாம்மா இப்படி. பயப்படாம குந்துங்க."

தொண்டை கட்டிப்போய் என் குரல் எனக்கே தவளை கத்தற மாதிரி கேட்டுச்சு.

பொண்ணு பாக்க வந்த மூணாவது பார்ட்டி இவங்க. மொத ரெண்டு பார்ட்டியும் இந்தப் படியிலயே நின்னு, தண்ணியப் பாத்து, அடுத்த ரயில்ல திரும்பிட்டாங்க. கொண்டாந்த பூவும் பழமும் அவங்களோடயே போச்சு.

எங்க நைனா துலுக்கானம், விலை கம்மின்னு ஏரியோரமா மனை வாங்கினாரு. கோடைல போய்ப் பாத்து வாங்கினாரு, பாவம். அதுக்கு எங்க ஊட்டுப் பொண்ணு இன்னா பண்ணும்?

இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா, சொந்தத்துல ரெண்டாந்தாரமா கேக்கிற ஆளுக்குத்தான்னு அம்மா சொல்லிட்டாங்க. அந்த ஆளுக்கு எங்க நைனா வயசு. நெனச்சாலே எனக்கு வயிறு எரிஞ்சுது.

அதனால இந்தத் தடவ ஸ்டேஷனுக்கே நைனாவோட மீன்பாடி வண்டிய அனுப்பறதுன்னு முடிவாச்சு. முன்னால சாமான் ஏத்தற பலகை, பின்னால மிதிக்கிற சீட்டு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கால் நனையாம வந்து எறங்கலாம்.

காலையில பாத்து நைனா சேத்துல வழுக்கி, கால சுளுக்கிக்கினு குந்திட்டாரு. தெருவுல வேற எவனும் இந்த மழையில வர மாட்டேன்னுட்டான்.

நைனாவோட காக்கிச் சட்டைய மாட்டிக்கினு, லுங்கிய மடிச்சுக் கட்டி, யூரியா சாக்க மடிச்சு மூக்கு வரைக்கும் கவுத்துகினு நான் கெளம்பினேன். அம்மா தலையில அடிச்சுகினாங்க. மானம் போவுதாம்.

மானம் எங்க போவும், சுத்தி தண்ணி.

பலகையில அங்கம்மா. பக்கத்துல மாப்பிள்ளை செங்கல்வராயன். காட்பாடிப் பக்கம். பழத்தட்டு அம்மா மடியில, கழட்டின ஷூ பையன் மடியில. ரெண்டு பேரும் ஒரே பயபக்தியோட புடிச்சுகினு வந்தாங்க.

முட்டியளவு தண்ணியில மிதிக்க முடியாது. எறங்கி, பின்னாலருந்து தள்ளினேன்.

அங்கம்மா திரும்பாமலே விசாரணைய ஆரம்பிச்சாங்க. பேரு இன்னான்னாங்க. வாய்க்கு வந்ததச் சொன்னேன், வேம்புலின்னு. பொண்ணு எப்படின்னாங்க.

உட்டேன் பாரு. மகாலச்சுமிம்மா. கோவமே வராது. குனிஞ்ச தல நிமிராது. எதுத்து ஒரு வார்த்த பேசாது. நம்ம தெருவுலயே அப்படி ஒரு பொண்ணு கெடையாது.

இவ்ளோ புளுகினதுக்கு அன்னிக்கு எந்தலையில இடி விழுந்திருக்கணும். எப்படியோ விழல.

அங்கம்மா ஊம் கொட்டி, ஆஹான்னு கேட்டுகினாங்க. மாப்பிள்ளை மட்டும் வாயே தொறக்கல. சரியான மண்ணு, இதுக்கா இவ்ளோ தூரம் முக்கிகினு தள்றோம்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

சின்னப் பாலத்தாண்ட சக்கரம் பள்ளத்துல எறங்கிடுச்சு. தம் கட்டித் தள்றேன், அசையல.

மண்ணு எழுந்துச்சு. ஷூவ அப்படியே பழத்து மேல வெச்சுட்டு தொப்புனு தண்ணியில குதிச்சு, எம் பக்கத்துல வந்து தோள் குடுத்துச்சு. அம்மாகாரி அய்யய்யோன்னு கத்தறாங்க, பையனுக்காக இல்ல, பழத்துக்காக.

வண்டி ஏறின வேகத்துல நாங்க ரெண்டு பேரும் குப்புற விழுந்தோம். சாக்கு நழுவிப் போச்சு. மாப்பிள்ளை எம் மூஞ்சிய ஒரு தரம் நல்லா பாத்தார்.

அவசரமா சாக்க இழுத்து மூடிகினேன். அவரு திரும்ப வண்டியில ஏறல. ஊடு வரைக்கும் கூடவே தள்ளிகினு வந்தார்.

ஊட்டுல அவங்கள பெஞ்சு மேல உக்கார வெச்சாங்க. பெஞ்சுக்குக் கீழயும் தண்ணிதான். நைனா சுளுக்குக் காலோட நொண்டிகினு வந்து கும்புட்டாரு. நான் வண்டிய ஓரங்கட்டிட்டு கொல்லப்பக்கமா உள்ள போனேன்.

கொஞ்ச நேரத்துல காபித் தட்டு கூடத்துக்கு வந்துச்சு.

அங்கம்மா பொண்ண மேலயும் கீழயும் பாத்தாங்க. தலையாட்டினாங்க. அப்பறம், "எங்களுக்கு இருக்கட்டும்மா, மொதல்ல அந்த வண்டி தள்ளின தம்பிக்குக் குடு. பாவம், வெடவெடன்னு நடுங்கிச்சு"ன்னாங்க.

நைனாவுக்கு இருமல் வந்துச்சு. அம்மா சுவத்தப் பாத்தாங்க. அவ்ளோதான், மூணாவது பார்ட்டியும் போச்சுன்னு நெனச்சேன்.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். தட்டுலருந்து ஒரு டம்ளர எடுத்து என்கிட்டயே நீட்டினார்.

"ரொம்ப தூரம் தள்ளிகினு வந்தீங்க. சூடா குடிங்க."

தட்ட அவரு கையில திணிச்சேன். புடவைத் தலைப்பால மூக்கத் தொடச்சுகினு, நின்ன எடத்துலயே மடக் மடக்னு குடிச்சேன்.