விழாத உதை

டேக்வாண்டோ இறுதிச் சுற்றில் ஜெனிபா விட்ட உதை, எதிராளி அணிந்திருந்த மின்னணுக் கவசத்தில் பலமாக இறங்கியது. ஆனால் பலகையில் புள்ளி ஏறவில்லை.

"எனக்கே வலித்தது. உடனே தகவல் அனுப்பினேனே, வரவில்லையா?" என்று கேட்டது கவசம்.

"வரவில்லை," என்றது புள்ளிப் பலகை. "என்மேல் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. நீ சொன்னால், உன்னைத்தான் பழுது என்று கழற்றி வீசுவார்கள்."

ஜெனிபாவின் பயிற்சியாளர் முறையிட்டார். நடுவர் வந்து கவசத்தைத் தட்டினார்.

"அடி விழுந்ததா?"

கவசம் பலகையை ஒருமுறை பார்த்தது.

"இல்லைங்க ஐயா. லேசாக உரசியதோடு சரி."

ஜெனிபா தோற்றாள். வென்றவளால் வலியில் நிமிரவே முடியவில்லை. இரண்டு பேர் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நடுவர் அவள் கையை உயர்த்தினார்.