நெற்றி தொட்ட தரை

முதியோர் இல்லத்தில் ஜெய்த்தூன் பீவியின் படுக்கையறை உணர்கருவிகள் பொருத்தியது; யாராவது தரையில் சாய்ந்தால் உடனே தாதியரை அழைத்துவிடும். தொழுகையில் அவர் நெற்றியைத் தரையில் வைத்தாலும் விழுந்துவிட்டார் என்றே மணியடித்துக் கூப்பாடு போட்டது. இன்னொரு முறை அப்படி அழைத்தால் அவரை நோயாளிகள் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பயந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தே தொழுதார்.

அறையை வடிவமைத்த எஸ்தர் அதைப் பார்த்துவிட்டாள். "முழங்கால் வலியாம்மா?"

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு மகளே. உன் அறைக்குத்தான் என்மேல பாசம் ஜாஸ்தி!"

விஷயம் புரிந்ததும் எஸ்தர் தொழுகை விரிப்பைத் தானே விரித்தாள். "இவங்க விழல, தொழுறாங்க. தெரிஞ்சுக்கோ," என்று அறையிடம் சொன்னாள்.

ஜெய்த்தூன் பீவி நெற்றியைத் தரையில் வைத்தார். மணி அடிக்கவில்லை. விளக்கு மட்டும் மெல்லத் தணிந்தது. எழ அவசரப்படாமல், எஸ்தரின் பிள்ளைகளுக்கும் சேர்த்து இறைவனிடம் துஆ கேட்டார்.