கெட்டிமேளம்

"மேளம் இல்லாம ஒரு கல்யாணமா? சரியான கஞ்சனா இருப்பான் போலிருக்கே!"

கண்மாய்க் கரை மேல் வந்துகொண்டிருந்த கல்யாண ஊர்வலத்தைப் பார்த்து முகம் சுளித்தார் வக்கீல் ஹாலாஸ்யம். மேளம் கிடக்கட்டும், பெண்கள் ஒரு குலவைகூடப் போடவில்லை. மாலையும் கழுத்துமாய் மாப்பிள்ளையும் பெண்ணும். முன்னால் பெண்ணைப் பெற்ற பேயாண்டி.

மேலூர்ப் பக்கத்து அந்தக் கண்மாய்க்கு வக்கீல் வந்த காரியம் பெரியது. தை மாதம் வந்தால் அதன் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் அப்பிக் கிடக்கும். அவற்றைக் காப்பாற்ற மதுரையில் ஒரு சங்கம் வைத்து, தலைவராகத் தம்மையே தேர்ந்தெடுத்துக்கொண்டார். இன்று கலெக்டர் துரை வந்து பார்த்து மெச்சிவிட்டால் ராவ் சாகிப் பட்டம் நிச்சயம். அந்த நினைப்பில் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

கரையில் புதுப் பலகை பளபளத்தது. 'ஊரார் உள்ளே வரக் கூடாது. சத்தம் போடக் கூடாது.'

"ஏம்ப்பா, பலகை கண்ணுல படலையா?"

"கரைமேல இருக்குற கோயிலைக் கும்பிட்டாச்சு சாமி. இந்தா போயிர்றோம்" என்றார் பேயாண்டி, குரலே எழும்பாமல்.

"இனிமே இந்தப் பக்கம் தலை காட்டப்படாது! நீங்க போடற கூச்சல்ல பட்சியெல்லாம் பறந்துட்டா துரைக்கு யார் பதில் சொல்றது?"

பேயாண்டி தலையாட்டிவிட்டு நடந்தார்.

தூரத்தில் காரின் புழுதி தெரிந்தது. வக்கீலுக்குக் கை கால் ஓடவில்லை.

"துரை வந்துட்டார்! வைங்கடா அதிர்வேட்டை!" என்று தம் ஆட்களை ஏவினார்.

பலகை ஊராருக்குத்தானே, வக்கீலுக்கு இல்லையே!

பேயாண்டி பதறிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். "சாமி, வேட்டு மட்டும் வேணாம் சாமி!"

"உன்னை மாதிரி என்னையும் கஞ்சன்னு நினைச்சியா?"

வேட்டு வெடித்தது. அத்தனை மரங்களும் ஒரே நேரத்தில் காலியாயின. வானம் கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

துரை வந்து இறங்கினார். மொட்டை மரங்களைப் பார்த்தார். பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். திரும்பக் காரில் ஏறிவிட்டார்.

ராவ் சாகிப் கொக்குகளோடு போய்விட்டது. வக்கீலின் ஆத்திரமெல்லாம் பேயாண்டி மேல் திரும்பியது.

"எல்லாம் உன் கல்யாணக் கூட்டத்தால வந்த வினை!"

பேயாண்டி காலியான கூடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் அடைகாத்துக்கிட்டு இருந்துச்சுக சாமி. குஞ்சு பறக்குற வரைக்கும் எங்க ஊர்ல வேட்டும் கிடையாது, கொட்டும் கிடையாது. அதுக்காகத்தேன், கெட்டிமேளம் இல்லாமலே எம் மக கழுத்துல தாலி ஏறுச்சு."